பட்லர் வேஷம் கட்டிய நல்லையா

நல்லையாவுக்கு வாய்தான் பிழைப்பு. பேசுகிற வாய் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவனுக்கு வேர்த்துக் கொட்டும். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், ஒன்பது வருடமாக, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்குக் கோப்பை அடுக்கிக்கொடுத்து, தானும் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பித் தரம் சொல்கிறவன்.

1957இல் தோட்டத்துக் கிளாக்கர் குமாரசிங்கம், விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடக்கும் கொலைக்கதையொன்றை நாடகமாக எழுதினார். இரண்டு பாகம், இரண்டு ஞாயிறு. பிரபுவுக்குத் தேநீர் கொடுக்கும் பட்லர் வேஷம் நல்லையாவுக்கு. வசனம் ஒன்றே ஒன்று: "தேநீர், பிரபு." அதற்கே ஒரு மாதம் ஒத்திகை பார்த்தான். முன்வரிசையில் பாக்கியலெட்சுமி உட்காருவாளே! அவள் அப்பா சின்னராசா கங்காணி, பெண்ணைத் தருவதாக அப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் பாகத்தன்று, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் எள் போட்டால் எள் விழாது. நல்லையா கோப்பையோடு வந்தான். ஒன்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஒரு கரண்டி எடுத்துச் 'சர்'ரென்று உறிஞ்சி, ஓரமாகத் துப்பிவிட்டு, "தேநீர், பிரபு" என்று நீட்டினான். பிரபு குடித்தார், விழுந்தார், செத்தார். திரையும் விழுந்தது.

மறுநாள் காலை அதே களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"லண்டன் பனின்னு சாம்பிராணியப் போட்டாங்களே, எனக்குச் சாமி வராதது அதிசயம்" என்றாள் கொழுந்து பறிக்கும் மாரியாயி. "ஆனா கொலகாரன் நல்லையாதான். நஞ்சுன்னு தெரிஞ்சுதானே துப்புனான்?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "மருமகன் கையால டீ குடிச்சிராதீங்க" என்று ஆளாளுக்குச் சின்னராசாவைச் சீண்டினார்கள். அவருக்கு மானம் பெரிது.

"அவன் கொலகாரன் இல்லேன்னு ரெண்டாம் பாகத்துல ஆகட்டும். அப்புறந்தான் கல்யாணப் பேச்சு" என்றுவிட்டார்.

நல்லையா கிளாக்கரிடம் ஓடினான்.

"ஐயா, கொலகாரன் யாருங்க?"

"நீதானடா! எழுதி முடிச்சாச்சு. அதுக்குள்ளை துப்பி, ஊருக்கெல்லாம் காட்டிக் குடுத்திட்டியே!"

அவன் அழுதேவிட்டான். பாவம், அழாமல் என்ன செய்வான்?

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிளாக்கரும் இருந்தார், கங்காணியும் இருந்தார். பாக்கியலெட்சுமி கூடையை இறக்கிவைத்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நஞ்சு வச்சவன் அதத் தன் வாயில வைப்பானா?"

"அட, ஆமால்ல!" என்றாள் மாரியாயி. சின்னராசா தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை சொல்லுறது நியாயந்தான்" என்ற கிளாக்கர், அன்றே இரண்டாம் பாகத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தார்.

ஞாயிறன்று பிரபுவின் மைத்துனன் கைதானான். கைதட்டலெல்லாம் பட்லருக்கு.

தையில் கல்யாணம். மறுநாள் விடிந்ததும் பாக்கியலெட்சுமி தேநீர் கொண்டுவந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லையா ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினான். கொதித்துக் கொதித்துக் கசந்து போயிருந்தது. அவ்வளவு மோசமான தேநீரைத் தொழிற்சாலையில்கூட அவன் கண்டதில்லை.

துப்பாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தான்.