பூர்ணிமா கட்டிய பிராது

மணவாளநல்லூர் கோயிலில் கொளஞ்சியப்பர் சாமியிடம் பிராது எழுதிக் கட்டினால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்பது விருத்தாசலத்துப் பக்கத்து நம்பிக்கை. பூர்ணிமாவுக்கு நாற்பதாம் நாளே வந்துவிட்டது. வந்த பிறகுதான் வம்பே.

இரண்டாயிரத்து நாலாம் வருசம். பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிற வேலை அவளுக்கு. மகள் சௌந்தர்யாவுக்கு இரண்டு வயது. யாரிடமும் நிற்க மாட்டாள். கம்பெனி கேட்டில் அவள் வைத்த ஒப்பாரியைக் கேட்டு சூப்பர்வைசர், "இப்படின்னா வூட்டுலயே இருந்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். கணவன் சிங்காரவேல் கட்டட வேலைக்குக் கேரளா போனவன், எப்போதாவது போன் செய்வான். இந்த வேலையும் போனால் சோற்றுக்கு எங்கே போவது? 'என் பிள்ளை என்னை விட்டு இருக்கப் பழகணும்' என்று எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் அமிர்தத்திடம் பிள்ளை ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் பத்து வருசமாகப் பிள்ளையில்லாதவள் அமிர்தம், இறக்கிவிடுவாளா? முதல் வாரம் பூர்ணிமாவுக்கு நிம்மதி. அடுத்த வாரம் பிள்ளை அவள் கையால் சோறு வாங்கவில்லை. அதற்கடுத்த வாரம், தூக்க வந்தவளைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தது. பழகட்டும் என்றால் இப்படி ஒரேயடியாகவா சாமி பழக்கும்! சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. நாத்தனார் மேல் கோபம் வரும். உடனே, கோபப்பட்டதற்கு வெட்கமாகவும் இருக்கும்.

கேட்டது நடந்தால் பிராதை வாபஸ் வாங்கி ராஜினாமா எழுதித் தர வேண்டும், அதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பிள்ளையோடு போனார்கள்.

"ராஜினாமாவா, புதுப் பிராதாம்மா?" என்று கோயிலில் பிராது எழுதித் தருகிறவர் கேட்டார்.

பூர்ணிமா அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். புதுப் பிராது என்றால் யார் மேல் கொடுப்பது? நாத்தனார் மேலா, கம்பெனி மேலா? அவர் மறுபடி கேட்டார்.

"ராஜினாமாதாங்க" என்றாள். சொன்ன பிறகும் அது சரியா என்று தெரியவில்லை.

அவர் எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். தோளில் தூங்கிப்போன பிள்ளையோடு அமிர்தம் முன்னால் வந்தாள்.

"என்னுதையும் எழுதிடுங்க. ஒரு புள்ளைய குடுன்னு எட்டு வருசத்துக்கு முன்ன கட்டுனது."

"நடந்துடுச்சாம்மா?"

"நடந்துடுச்சுங்க" என்று சௌந்தர்யாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள் அமிர்தம்.

பூர்ணிமா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.