காட்டில் ஊதிய சங்கு

விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். எடுத்ததும் சரிகம என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் விளையாட்டாகவே தொண்டையைப் பழக்குவேன். உதட்டைப் படபடவென்று அடித்து பஸ் ஸ்டார்ட் செய்வோம். குக்கர் விசில் விடுவோம். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது சங்கு. கோவில்பட்டி மில் சங்கு போல அடிக்குரலில் தொடங்கி, ஒரே மூச்சில் மெல்ல மெல்ல உச்சிக்கு ஏற வேண்டும். பக்கத்து வகுப்பு வாத்தியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார். சாத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆறாம் வகுப்பில் ஒருத்தி. ஆடு வளர்க்கிற வீடு. அப்பா கொஞ்சம் மக்காச்சோளமும் போட்டிருந்தார். அவள் சங்கு ஊதினால் உச்சியில் போய் நின்ற பிறகும் குரல் பிசிறாது. மாவட்டப் பாட்டுப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. எனக்கும்தான்.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அவள் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்து வெந்நீர் குடிக்கச் சொன்னேன். மறுவாரம் பேச்சே வெறும் காற்றாக வந்தது. விசாரித்தால், விடியுமுன்னும் பொழுது சாயும்போதும் அவர்கள் சோளக் காட்டில் நின்று காட்டுப்பன்றி விரட்டுகிறாளாம். திட்டித் தீர்ப்பது என்று அப்பாவை வரச் சொன்னேன். அவரோ சந்தோஷமாக வந்தார்.

"தகரத்தத் தட்டிப் பாத்தோம், வெடி போட்டுப் பாத்தோம், பன்னி அசைய மாட்டேங்கு. இவ நீங்க சொல்லிக்குடுத்த சங்க ஊதுனா ஓடிருது டீச்சர். பாட்டுக்கும் பழக்கமாச்சுன்னு விட்டுட்டோம்."

பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் வருஷத்துப் பாடு மண்ணாகிவிடும் என்று தெரியாதவள் இல்லை நான். ஆனாலும் அவளை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

காவலை விட்டு அவரால் வர முடியாது. நானே ஸ்கூட்டரில் அவளைக் கோவில்பட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். குரல் நாண் இரண்டும் உள்ளங்கை மாதிரி காப்புக் காய்த்திருக்கிறது, மாதக்கணக்கில் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். பேச்சு வந்துவிடும், பாட்டு வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷனை அறையலாம் போல இருந்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் காட்டருகே வந்ததும் சங்கு கேட்டது. அடியிலிருந்து ஏறி, உச்சியில் பிசிறில்லாமல் நின்றது. அவளோ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தினேன். வரப்பில் நட்ட கம்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா எங்களைப் பார்த்துக் கிட்ட வந்தார்.

"தொண்ட நல்லா இருக்கையிலயே செல்லுல புடிச்சி வச்சிருந்தேன் டீச்சர். இனி அவ இங்கன வர வேண்டாம். வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்."

பாசமாகத்தான் சொன்னார். ஸ்பீக்கர் மறுபடியும் ஊதியது. அவள் முடியும்வரை கேட்டாள். பிறகு டாக்டர் சொன்னதையும் மீறி, என் காதருகே குனிந்து காற்றாகக் கேட்டாள்.

"நல்லாத்தான பாடியிருக்கேன் டீச்சர்?"