ஜப்பானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ரயிலே ஓடாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ரயில் பயணம் திட்டமிட்டேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அமீரகம் முழுக்கத் தேடினாலும் அன்று ஒரு பயணிகள் ரயில் கிடையாது. மணலும் நெடுஞ்சாலையும்தான். அலுவலகம் முடிந்து வந்ததும் கூடத்துத் தரையில் ஜப்பான் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைகளிலும் பேரீச்சம்பழ டப்பாக்களை வைத்துக்கொண்டு குனிந்துவிடுவேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டால்தான் நிமிர்வேன்.

கலிபோர்னியாவில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சிங்கப்பூர், ஒசாகா வழியாகப் போகும் டிக்கெட்டில், ஒசாகாவில் சில நாள் தங்கிப் போகக் கூடுதல் கட்டணமில்லை என்று துபாய் டெய்ராவில் டிக்கெட் போடுகிறவர் சொன்னார். வியாழன் இறங்கித் திங்கள் கிளம்பலாம். அந்த நிமிடமே கல்யாணம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. ரயில் மேல் எனக்கு எப்படி இவ்வளவு ஆசை வந்தது என்று இன்றும் தெரியவில்லை. என் குடும்பத்தில் யாரும் ரயில்வேயில் வேலை பார்த்ததில்லை.

என் மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு ஜப்பானியப் பெண் குடியிருந்தாள். அவள் கணவர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எஞ்சினியர். என் மனைவியை அவள் "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கடைத்தெரு அரபி, மிச்சம் கையசைவு. "அக்கா, காரம் மாஃபி!" என்று, காரமே இல்லை என்பதை அரபி கலந்து கத்திக்கொண்டே சாம்பாரைக் குடிப்பாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சமையலறை அவர்கள் இருவருக்கும்தான். கடற்பாசித் தாளில் எலுமிச்சைச் சாதத்தைச் சுருட்டி எனக்கும் அந்த எஞ்சினியருக்கும் கொடுத்துவிட்டு, நாங்கள் விழுங்குவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு ஒப்பந்தம் முடிந்து அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வளைகுடாவில் சிநேகிதங்கள் அப்படித்தான், விசாவோடு முடிந்துபோகும். இவர்கள் இருவருக்கும் முடியவில்லை.

"அவ இங்க வந்து எத்தனையோ நாள் சமைச்சா. அவ வீட்டு அடுப்புல நான் ஒருநாள் நின்னு சமைக்கணுங்க. எனக்கு அது போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள் மனைவி. சொன்ன கையோடு புது இட்லித் தட்டு ஒன்று வாங்கி, பெட்டியின் அடியில் புடவைக்குள் வைத்துவிட்டாள்.

தோழியின் ஊர் ஜப்பானின் மறுபக்கக் கடலோரத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரே பெட்டி ஓடும் ஒரு கிளைப்பாதையில் இருந்தது. அந்தப் பாதையின் நேரங்கள் ஆங்கிலக் கையேட்டில் இல்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். பழைய ஜப்பான் கார் எஞ்சின்களை இறக்கி விற்கிறவர். ஒசாகாவுக்கு அடிக்கடி போய்வருவார். அவரிடம் சொல்லி வைத்தேன். அடுத்த முறை வரும்போது தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இந்தாங்க சார், உங்க ரயிலு கிதாபு. கடைக்காரன் என்னைய ஏற எறங்கப் பாத்தான்."

"பாய், நீங்க புல்லட் ரயில்ல போயிருக்கீங்களா?"

"போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தூங்கிட்டேன் சார்." அவர் சிரித்தார். "லீவு கெடச்சா ஆளுங்க ஊருக்குப் போவாங்க, வீடு கட்டுவாங்க, கொமரைக் கரையேத்துவாங்க. நீங்க ரயிலு பாக்க ஜப்பானுக்கா? ஏன், உங்கூர்ல ரயிலை நிறுத்திட்டாங்களா?"

அந்தப் புத்தகம் எனக்குப் பெரிய விருந்து. ஒரு எழுத்தும் தெரியாது. ஊர்ப் பெயர்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, படம் பார்த்துப் பொருள் சொல்லும் குழந்தைபோல அடையாளம் கண்டேன். எண்கள் மட்டும் எல்லோருக்கும் பொது. ஒரு ரயில் ஏன் ஒரு நிலையத்தில் வெகுநேரம் நிற்கிறது? எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட. அதைக் கண்டுபிடித்த அன்று சத்தமாகச் சிரித்தேன். விடுமுறை நாளில் மட்டும் ஓடும் ரயில்களுக்குத் தனிக்குறி இருந்தது. கிளைப்பாதையில் அப்படி ஒரு ரயில், காலையில் கிளம்பி, தோழியின் ஊருக்கு நேராகப் போய்விடுகிறது! வெள்ளிக்கிழமைக்கு அதையே குறித்துக்கொண்டேன். வெள்ளி விடுமுறை நாள்தானே. காலையில் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, இரவு தங்கித் திரும்பலாம். மனைவியும் தலையாட்டினாள். அவர்களுடைய நாள் என்றைக்குமே வெள்ளிதான்.

இத்தனை வருட வளைகுடா வாழ்க்கையில் எங்களுக்கு ஞாயிறு என்பது அலுவலக நாளாகிப்போயிருந்தது. உலகத்தின் மற்ற பாகங்களில் அப்படி இல்லை என்பது தெரியாததல்ல. தெரிந்தது கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை நான் எனக்காக வைத்திருந்தேன். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குப் புல்லட் ரயிலில் போய், நிலையத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டு, அடுத்த வண்டியில் திரும்புவது. அங்கே வேறு வேலை கிடையாது. போவதும் வருவதும்தான் வேலை. வழியில் ஃபூஜி மலை இடப்பக்கம் தெரியும் என்பதால் அந்தப் பக்க இருக்கைகளைக் குறித்து வைத்திருந்தேன்.

கம்பெனி பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்து, விசாவும் குத்தியான பிறகு, ஒரு மாலை தோழி போன் செய்தாள். மனைவி கீழே குரோசரிக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"அண்ணா! சாப்பிட்டாச்சா?" என்றாள். தமிழில் அவளுக்கு நன்றாக வரும் வாக்கியம் அது. பிறகு தன் ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஃபிரைடே, ஷார்ஜா ஹாலிடே. ஹியர், டூட்டி!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்ச நேரம் ஸ்டேஷனுக்கு வரமுடியுமாம். "சண்டே கம், அண்ணா. சண்டே ஆல் டே. அக்கா குக்கிங், ஐ குக்கிங். ஸ்லீப் மை ஹவுஸ். மண்டே மார்னிங், ஃபர்ஸ்ட் ட்ரெயின், ஏர்போர்ட்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். ஞாயிறு காலை நான் குறித்த அதே ரயில் இருந்தது. திங்கள் காலை முதல் வண்டியில் ஏறினால் எங்கள் விமானத்துக்குத் தாராளமாக நேரம் இருந்தது. எங்களிடம் இருந்தது வெளிநாட்டுக்காரர்களுக்கான பாஸ். அதைக் காட்டி எந்த நாளும் ஏறலாம். டோக்கியோவை மட்டும் விட்டால் போதும்.

"சண்டே கஷ்டம். டிக்கெட் ஃபிக்ஸ் ஆகிவிட்டது" என்று அவளிடம் சொன்னேன்.

"ஓகே, ஓகே. ஃபிரைடே, ஸ்டேஷன்" என்றாள்.

மனைவி வெங்காயப் பையோடு வந்ததும், நடந்ததில் பாதியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அங்கே வேலை நாள், நாம் மறந்துவிட்டோம், மத்தியானம் கொஞ்ச நேரம் வருவாள்.

"அடடா, பெரிய மக்குங்க நாம" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வேற நாளு மாத்த முடியாதா?"

"எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்கேன். ஒண்ண உருவினா மொத்தமும் சரிஞ்சிடும்."

"சரி. உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். என்னை நம்பித்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அந்தச் சின்ன நிலையத்தில் வேலைநாள் ரயிலில் இறங்கினோம். வழியில் ஓட்டுநர் ஒவ்வொரு சைகை விளக்கையும் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டிக்காட்டி, தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு ஓட்டியதை எட்டிப் பார்த்து வியந்துகொண்டே வந்தேன். தோழி சமையலறைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சைக்கிளில் வந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒதுக்கி, மனைவி இட்லித் தட்டை எடுத்தாள். மாவு ஊற்றுவதும் மூடுவதும் திறப்பதும் வெறுங்கையால் அபிநயம் செய்து காட்டினாள். தோழி கவனமாகப் பார்த்து, திரும்பச் செய்து காட்டினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்து வணங்கியவள் சட்டென்று கட்டிக்கொண்டாள். சைக்கிள் கூடையில் தட்டு கணகணவென்று ஒலித்தபடி போனது. அதன் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை.

ஞாயிறு காலை நான் குறித்த புல்லட் ரயிலில், நான் குறித்த பக்கத்தில் உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியதே தெரியவில்லை, நிலையம்தான் நழுவியது. சன்னல் விளிம்பில் நாணயத்தை நிற்கவைத்தால் விழுமா என்று சோதித்துப் பார்த்தேன். பெட்டி முழுக்கக் குழந்தைகளும் பெரியவர்களுமாகக் குடும்பங்கள்.

"எல்லாரும் புள்ளகுட்டியோட கெளம்பியிருக்காங்களே, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை."

அவள் குழந்தைகளிடமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவளுக்கும் இன்னிக்கு லீவுதானே?"

"இருக்கும்."

"நீங்க அவகிட்ட கேக்கலையா?"

சொல்லியிருக்கலாம். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பினாலும் இரவுக்குள் தோழி வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ரயிலும் எனக்கு மனப்பாடம். "கேக்கத் தோணலை" என்றேன்.

ஃபூஜி மலை வந்தது. மேகமில்லாத நாள். அடிவாரம் முதல் பனித்தலை வரை முழுதாகத் தெரிந்தது. அப்போது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். குற்ற உணர்வு உறுத்தியது என்று எழுதினால் பொய். உறுத்தல் வெகுகாலம் கழித்து, சொல்லிக்கொள்ள மனைவி இல்லாமல் போன பிறகுதான் வந்தது.

"பாரு, பாரு" என்று அவள் தோளைத் தட்டினேன்.

பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "அவ ஊரு இங்கேருந்து எந்தப் பக்கம்?"

வரைபடம் எனக்குள் இருந்தது. யோசிக்காமல் பின்புறம் கை காட்டினேன். அவள் உடம்பைத் திருப்பி, நான் காட்டிய திசையில், எங்கள் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.