சர்நேமில் இருந்த ஊர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், பத்தாவதோடு நின்றவன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

எங்கள் சர்நேம் ஓர் ஊரின் பெயர். திருநெல்வேலிப் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்தே போதும். மும்பையில் சர்நேம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில்கூட விடமாட்டார்கள். தாராவிக்கு வந்த தாத்தா சொந்த ஊரையே சர்நேமாக வைத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். அப்பா ஊருக்கென்று போனதே இல்லை. எனக்கும் என் மகனுக்கும் முதல் முடியைப் பக்கத்திலேயே, சயானில் ஏதோ ஒரு கோயிலில் எடுத்துவிட்டார்.

பேத்தி பிறந்ததும் மருமகள் பிடிவாதமாகச் சொன்னாள்: "மாமா, முதல் முடி உங்க குலதெய்வத்துக்குத்தான். எந்தக் கோயில்னு எங்க வீட்ல கேக்காவ."

சர்நேமை நம்பி எல்லோரும் ரயிலேறினோம். அந்த ஊரில் ஒரு சாஸ்தா கோயில் இருந்தது. "நீங்க யாரு வகையறா?" என்று பூசாரி கேட்டார். தாத்தா பெயரைச் சொன்னேன். வயதானவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"கோவிச்சுக்கிடாதீய. தெரியாத ஆளுக்கு எடுக்க விட்டா எங்கிட்டதான் சண்டைக்கு வருவாவ" என்றார்.

குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

அப்பாவின் தங்கை மும்பையிலேயே சீத்தா கேம்ப் என்கிற பகுதியில் இருக்கிறாள். முதலிலேயே அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. போய்ச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"ஏலே, அங்கயா போன? அது நம்ம ஊரே இல்லலே! எங்கய்யா வேல பாத்த தோல் கிடங்கு மேஸ்திரி ஊருல்லா அது. ஆளுக சர்நேம் என்னன்னு சேட்டு கேட்டிருக்கான். மேஸ்திரி எல்லாத்துக்கும் தன் ஊரையே சொல்லிட்டான். அந்தப் பேர வச்சுக்கிட்டு இங்க எத்தன பேரு அலையுதானுவ."

"அப்ப நம்ம ஊரு எது, அத்தை?"

"எங்கய்யா வாயத் தொறந்தாத்தான? ஊருன்னாலே செருப்பத் தூக்குவாரு."

"குலசாமி?"

"அதயும் சொல்லாமத்தான் போய்ச் சேந்தாரு. சாயா குடிக்கியா?"

குடித்தேன். அத்தையை விட்டால் கேட்பதற்கு எங்கள் குடும்பத்தில் வேறு ஆளில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகன்தான், "விடுங்கப்பா, அவங்க வீட்டுச் சாமிக்கே குடுத்திரலாம்" என்றான். மகன் வழிப் பிள்ளையின் முதல் முடியைப் பெண் எடுத்த வீட்டுச் சாமிக்குக் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு சாமியின் பெயர் இல்லை.

மறுநாள் சம்பந்தியின் ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். நான் வேலைக்குப் போனேன்.