உறுமியில் ஒரு தாலாட்டு

மேளத்துக்கு ராகம் கிடையாது என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் சொன்னேன். 2005ஆம் வருஷம், திருப்பூர் மண்ணரையில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் அங்கே கட்டிங் மாஸ்டர். மார்கழி மாதம் பஜனைக் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நான் சொன்னது சோணைமுத்து அண்ணனிடம். அவர் எங்கள் அயர்ன் மாஸ்டர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், உறுமி மேளம் வாசிப்பவர்.

லைன் வீட்டில் கடைசி அறை அவருடையது. ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஆணியில் தொங்கும் உறுமி. திருப்பூரில் தனியாக இருக்கும் ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தனியாக இருப்பார்கள். இவர் நிஜமாகவே தனியாக இருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரில் ஒரு கடைக்குப் போன் செய்வார். கடைக்காரர் போய் அவர் மனைவி மூக்கம்மாளைக் கூட்டிவருவார். அந்த அம்மா வந்து போனைக் காதில் வைக்கும், பேசாது. "சாப்ட்டியா? மழை பேஞ்சுச்சா?" என்று இவர்தான் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்கும். நாலு வருஷமாக இப்படித்தான். இவர் வெளியூர்த் திருவிழாவில் மூன்று நாள் வாசிக்கப் போயிருந்தபோது, எட்டு மாதப் பெண்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அன்றோடு அந்த அம்மா இவரிடம் பேச்சை நிறுத்திவிட்டது.

"ஆனா வராம இருக்க மாட்டேங்கிறா மாஸ்டரு. அது போதும் எனக்கு" என்பார்.

ராகம் இல்லை என்று நான் சொன்னது அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. மறுநாள் உறுமியைக் கம்பெனிக்கே கொண்டுவந்துவிட்டார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து, அழுத்தினால் குரல் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது என்று காட்டினார். ஒரு சினிமாப் பாட்டை வாசித்தார். செக்கிங் பெண்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துக் கை தட்டினார்கள்.

நான் விடுவேனா? "தாளத்தை வெச்சுக் கண்டுபுடிச்சுட்டாங்கண்ணா. மேசையில தட்டுனாக்கூட இது தெரியுமுங்க" என்றேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "தாளமே இல்லாத பாட்டு ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றார்.

அது மூக்கம்மாள் தானாகக் கட்டிப் பாடிய தாலாட்டு. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இவர் விடியற்காலையில் திருவிழா முடிந்து வந்து படுப்பார். பகலில் அந்த அம்மா தொட்டிலருகே பாடும். "நான் தூங்குற மாதிரியே கெடந்து கேப்பேன். எந்திரிச்சா வெக்கப்பட்டு நிறுத்திருவா" என்றார். பிறகு, "அவ கண்டுபுடிச்சுட்டா ராகம் இருக்குன்னு ஒத்துக்கிருவீகளா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கறனுங்ணா" என்றேன். பந்தயம் என்னோடுதான் என்று நினைத்துக்கொண்டேன், மடையன். அவருக்கு வேண்டியிருந்தது அந்த அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

மூன்று வாரம் பழகினார். பிறகு ஒரு ஞாயிறு மாலை ஆளில்லாத அயர்ன் செக்‌ஷனில் உட்கார்ந்தோம். மழை நாளானதால் தோல் தொய்ந்திருந்தது. அயர்ன் டேபிளின் சூட்டில் காயவைத்து முறுக்கேற்றினார். என் செல்போனில் கடைக்குப் போட்டோம். "மூக்கம்மா, ஒண்ணு வாசிக்கிறேன், கேளு" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார். நான் அதை உறுமிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முதலில் வெறும் உறுமல்தான். பிறகு அது மெதுவாக இறங்கி, இழுத்து, ஒரு இடத்தில் நின்று, திரும்ப ஏறியது. இப்போதும் சொல்கிறேன், அது பாடியது.

போனுக்குள் ஏதோ சத்தம் வந்தது போல இருந்தது. காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூக்கம்மாள் கூடவே முனகிக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டது கேட்டதோ என்னவோ, நின்றுவிட்டது.

"ஆருங்க அது?"

"கூட வேலை செய்யறவனுங்க."

"வாசிக்கிறது அவுகளா? இந்தப் பாட்டு அவுகளுக்கு எப்படித் தெரியும்? பகலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாகளே."

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நாலு வருஷ ஊமை என் போனில் பேசுகிறது. "தூங்கலீங்கம்மா! கண்ணை மூடிட்டு முழுசாக் கேட்டிருக்காருங்க" என்றேன்.



"முழிச்சுக்கிட்டா கெடந்தாக?" குரலே மாறியிருந்தது. "பிள்ளை கத்தக் கத்த, இடுப்புல அதை வச்சுக்கிட்டு ஒத்தக் கையால உலை வச்சேன். அசந்து தூங்குறாகன்னு ஒரு நாளும் எழுப்புனதில்ல. முழிச்சுக்கிட்டா கெடந்தாக?"

போன் வைக்கப்பட்டது.

உறுமிச் சத்தத்தில் இதெதுவும் காதில் விழாத அண்ணன் வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தார். "பேசுனாளா?"

"பேசுனாங்கண்ணா."

"என்ன சொன்னா?"

"பாட்டைக் கண்டுபுடிச்சுட்டாங்க."

அவர் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்ப ஒத்துக்கங்க மாஸ்டரு" என்றார். ஒத்துக்கொண்டேன். மீதியை நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கடைக்காரர் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்து, வரவில்லையாம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூக்கம்மாள் பிறகு போனுக்கு வரவே இல்லை.

தான் எங்கேயோ சுருதி பிசகிவிட்டதால்தான் அவள் கோபித்துக்கொண்டாள் என்று சோணைமுத்து அண்ணன் நினைத்தார். நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை, சாப்பாட்டு நேரத்தில் தினமும் அந்தத் தாலாட்டைத் திருத்தித் திருத்தி வாசித்துக்கொண்டிருந்தார்.