மார்க்கு வெளிப்பக்கம்

ஒரு இடத்தில் உட்கார எனக்கு வராது. கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் கிடைத்த வேலையைப் பாருங்கள்: ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் காலையிலிருந்து மாலைவரை நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் சுற்றும் வேன்களின் சக்கரங்களுக்குக் கணக்கு எழுதுவது.

வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். பள்ளிகொண்டா தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருக்கும். வேறு வேலைகளுக்கு மனு போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கிருந்தும் பதில் வரவில்லை. வந்திருந்தால் அங்கேயும் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், அது வேறு விஷயம்.

கம்பெனியில் நாலு வேன்கள் இருந்தன. மூன்று, வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் போய்வரும். பெரிய வேன் மட்டும் பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஓடும். ஒரு வருடம் எல்லா வேனுக்கும் புது டயர் வாங்கினார் முதலாளி. விற்றவர்கள் ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். டயர் சொன்ன தூரம் ஓடாமல் சீக்கிரம் தேய்ந்தால், ஓடாத தூரத்துக்கு உண்டான பங்கை டயர் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் குறுக்காக மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மாற்றும்போதெல்லாம் டயரின் நம்பர், மீட்டர் காட்டும் தூரம், எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போனது எல்லாம் எழுதவேண்டும். ஒரு முறை விட்டு ஒரு முறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி, வெளிப்பக்கத்தை உட்பக்கமாகத் திருப்பி மாட்டவேண்டும். அதற்கென்று நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. கணக்கு இல்லையென்றால் வாசல்படி ஏறாதே என்பதைக் கொஞ்சம் மரியாதையாக அச்சடித்திருந்தார்கள்.

"இது பேஜார் புடிச்ச வேலை பொண்ணு. ஆனா நீ எழுதலன்னா அவன் ஒண்ணும் தரமாட்டான்" என்று சொல்லி முதலாளி நோட்டை என் தலையில் கட்டினார்.

உண்மையில் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. டயர் மாற்றும் நாளில் எழுந்து வெளியே போகலாம். கேட்டுக்குப் பக்கத்திலேயே பஞ்சர் கடை. ஜாக்கி வைத்துத் தூக்கிய வேனைச் சுற்றிச் சுற்றி வந்து நம்பர் பார்த்து எழுதுவேன். நிற்க, நடக்க, குனிய ஒரு சாக்கு.

பெரிய வேனின் டிரைவர், ஆற்காடு பக்கம் திமிரி ஊர்க்காரர். என்னைவிட மிகவும் மூத்தவர். நான் அண்ணா என்பேன். அந்த வேனுக்குள் யாரும் வேர்க்கடலை தின்னக்கூட விடமாட்டார். துணியைக் கையிலேயே வைத்திருப்பார், எங்கே தூசு தெரிந்தாலும் துடைப்பார்.

"வீட்டுல அண்ணியையும் இப்படித்தான் பாத்துக்குறீங்களாணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க ஸ்டீயரிங் அவ கையில இருக்குதும்மா. நான் ஸ்டெப்னி" என்றார்.

மெட்ராஸ் போன பெரிய வேன் ஒருமுறை புது டயருக்குப் பதில் மொட்டை டயரோடு திரும்பிவந்தது. துறைமுகத்தில் நிறுத்தியிருந்தபோது யாரோ கழற்றி மாற்றிவிட்டார்கள். முதலாளி இரண்டு நாள் ஆபீஸையே இரண்டாக்கினார். பிறகு, தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அவர் அப்பா காலத்திலிருந்து தோல் மண்டிக்காரர்கள். மண்டிக்கு வரும் ஒவ்வொரு தோலுக்கும் வால் ஓரத்தில் மார்க்குப் போடுவார்கள். அடுக்கும்போது அந்த ஓரம் வெளியே தெரியும்படிதான் அடுக்கவேண்டும். முதலாளி காலையில் கையில் கம்போடு அடுக்குகளின் ஓரமாக நடந்து போவார். மார்க்கு மார்க்காகப் பார்வை ஓடும். ஒரு தோல் மாறியிருந்தாலும் கம்பு அங்கேயே நின்றுவிடும். அதில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை.

தோலுக்கு மார்க்குப் போடும் ஆளையே கூப்பிட்டு, எல்லா டயருக்கும் ஒரு பக்கத்தில் கம்பெனி மார்க்கைச் சூட்டுக்கோலால் லேசாகப் போடச் சொன்னார். மார்க்கு வெளிப்பக்கம் தெரியவேண்டும் என்பது உத்தரவு. அன்றிலிருந்து மண்டியைச் சுற்றியபின் வேன்களையும் ஒரு சுற்று சுற்றினார்.

பஞ்சர் கடைக்காரர் அச்சடித்த நிபந்தனைப்படி ஒரே ஒரு டயரைத் திருப்பிப் போட்டார். மறுநாள் காலை கம்பு அந்தச் சக்கரத்தின் எதிரே நின்றது. "மார்க்கு எங்க? டயரு எங்க?" என்று முதலாளி போட்ட சத்தத்தில், பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த மார்க்கைக் காட்டி, மறுபடி வெளிப்பக்கமாகவே மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எந்த டயரையும் திருப்பவில்லை. முன்னால் இருந்தது பின்னால் போகும், இடது வலதாகும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். நானும் எழுதுவேன். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவேன்.

"திருப்பிப் போடணும்னு இதுல இருக்குதேணா" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"திருப்பினா மார்க்கு உள்ள பூடும். டயரு எங்கன்னு என் கழுத்தைப் புடிப்பாரு. உடும்மா."

விடவில்லை நான். நிபந்தனைத் தாளை எடுத்துக்கொண்டுபோய் முதலாளியிடமே வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "டயரு உருண்டைதானே பொண்ணு? எந்தப் பக்கம் இருந்தா இன்னா?" என்றார். சரி, முதலாளிக்குத் தெரியாததா என்று வந்துவிட்டேன்.

பெரிய வேனின் டயர்கள் பாதி தூரம்கூட ஓடியிருக்காது. நாலும் வெளி ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. உள் ஓரத்தில் கோடுகள் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தன. முதலாளி குனிந்து பார்த்தார், கையால் தடவினார். மற்ற வேன்களுக்கு ஓட்டம் கம்மி, அவற்றில் தேய்மானம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

மண்டி வாசலில், லோடு ஏற்றுகிற அத்தனை பேரும் நிற்க, டிரைவரைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா? வளைவுல இழுத்துப் போட்டுத் தேய்ச்சிருக்க. உன் கை சரியில்ல." சாவியை வாங்கிக்கொண்டார். டயர் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை மண்டியில் உப்புத் தோல் தூக்கச் சொன்னார். "டயரு மேல கோளாறுன்னு அவன் எழுதினா சாவி உன்னுது. ஓட்டினவன் தப்புன்னு எழுதினா, ஆம்பூர்ல எவனும் உனக்கு வண்டி குடுக்கமாட்டான்."

அவர் நினைத்தால் அது நடக்கும். ஊரில் தோல்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் சம்பந்தி, மச்சான், தோஸ்த். ஒருவர் வேண்டாம் என்ற ஆளை மற்றவர் எடுக்கமாட்டார். டிரைவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

டயர் கம்பெனி ஆள் திங்கட்கிழமை வருவார் என்றார்கள். வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுப் போட்டு டெலிபோன் எக்சேஞ்சுக்காரருக்கு என் குரலே பழகிவிட்டது. "இன்னும் வரலையா அந்த ஆளு?" என்று அவரே கேட்பார். டைப் அடிக்க உட்கார்ந்தால் ஒரு வரியில் நாலு தப்பு. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அதே நினைப்பு, வரும்போதும் அதே. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, காய்ந்தேன்.

டயரைப் பரிசோதிக்கவேண்டும் என்பதால் வேனை நகர்த்தாமல் மண்டிக்கு எதிரிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு டிரைவர் அதன் பக்கமாகத்தான் போய்வரவேண்டும். கண்ணாடியில் தூசு படிந்துகொண்டே போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார். உள்ளங்கை வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, டீ கிளாஸை விரல் நுனியால் பிடித்தார். கூட வேலை செய்தவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

"ஏன் சும்மா இருக்குறீங்க? உங்க மேல தப்பில்லன்னு சத்தம் போட்டுச் சொல்லுங்கணா."

"சத்தம் போட்டா தேய்ஞ்ச டயரு வளருமா?" என்றார்.

கடைசியில் ஆள் வரும் நாள் உறுதியானது. முதல்நாள் முதலாளி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "கடைசிக் கட்டமெல்லாம் காலியாக் கெடக்குதே. ரொப்பிடு பொண்ணு" என்றார்.

அவருக்கு டயர் பணத்துக்கான கிளெய்ம் நிற்கவேண்டும் என்ற ஒரே எண்ணம். ஆனால் டயரைத் திருப்பித் திருப்பிப் போட்டதாக நான் எழுதினால் என்ன ஆகும்? எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, அப்படியும் ஒரே ஓரம் தேய்ந்திருக்கிறது, ஓட்டியவன் கைதான் காரணம் என்று வந்து நிற்கும். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை.

"திருப்பாததைத் திருப்பினதா எழுதமாட்டேன் முதலாளி. அது என் கையெழுத்து. வேணும்னா வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க" என்றேன். கோபம் இருக்கும்போது எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் வராது. அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வந்தவர் இளைஞர், மெட்ராஸ்காரர். ஆளை முந்திக்கொண்டு ஒரு பை வந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றி வரிசையாகப் படுக்கவைத்து, ஒரு சின்ன அளவுகோலைக் கோடுகளுக்குள் விட்டு அளந்தார். நோட்டை வாங்கி, நின்றபடியே படித்தார். மண்டி ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். டிரைவர் உப்புப் படிந்த கையோடு பின்வரிசையில் நின்றார்.

"இடம் மாத்தினது எல்லாம் சரியா இருக்கு. ஒரு தடவைகூடத் திருப்பிப் போடலையே, ஏன்?" என்று கேட்டார்.

அவர் மற்ற மூன்று வேன்களிடமும் போய்க் குனிந்து அளந்துவிட்டு வந்தார். "அந்த வண்டிகள்லயும் வெளி ஓரம் தேய ஆரம்பிச்சிருக்கு. நாலு வண்டிக்கு நாலு டிரைவர், தேய்மானம் மட்டும் ஒரே மாதிரி. இது ஓட்டினவர் கோளாறு இல்ல. டயர் கோளாறும் இல்ல. வெளி ஓரம்தான் எப்பவும் அதிகம் தேயும், அதுக்குத்தான் திருப்பச் சொல்றோம். ஏன் திருப்பலை, அதைச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "திருப்பினா மார்க்கு உள்ள போயிடும் சார்."

அவருக்குப் புரியவில்லை. படுத்திருந்த டயர்களைப் பார்த்தார். நாலிலும் மார்க்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து மண்டிக்குள் பார்த்தார். வால் ஓர மார்க்குகள் வெளியே தெரிய வரிசை வரிசையாகத் தோல் அடுக்குகள். சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, நிபந்தனைப்படி நடக்காததால் கிளெய்ம் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "கையக் கழுவிட்டுச் சாவிய வாங்கிக்கோ. சாயங்காலம் மெட்ராஸ் லோடு இருக்குது" என்றார்.

டிரைவர் நகரவில்லை. "அவ்ளோதானா முதலாளி?"

"வேற இன்னா? அதான் சாவி தர்றேன்னு சொல்றேனே?"

சுற்றி நின்றவர்கள் தோல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதலாளி ஆபீஸ் அறைக்குள் போனார். டிரைவர் குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். சாவி மாட்டியிருக்கும் ஆணிப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து, மறுபடி ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். "அவர் போயிட்டாரு" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அவன் மேல தப்பு இல்ல பொண்ணு. எனக்குத் தெரியுது" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அதை வெளிய சொல்லியிருக்கணும் முதலாளி. அத்தனை பேர் முன்னாடிதானே திட்டினீங்க. இப்ப போனாக்கூட பஸ் ஸ்டாண்டுல இருப்பாரு."

அவர் வாசலைப் பார்த்தார். ஒரு கணம் எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். நாற்காலியின் கையைப் பிடித்தவர் அப்படியே சாய்ந்துகொண்டார்.

"நீ போய்ச் சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். ஆற்காடு பஸ் நிற்கும் இடத்தில் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா, முதலாளி சொல்லி அனுப்பினாரு. உங்க மேல தப்பே இல்லையாம். அவரே வாயால சொன்னாரு."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "யார்கிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட."

தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பஸ் வளைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"உனக்குத்தான் மொதல்லியே தெரியுமேம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.