மலையைச் சுற்றி ஓடப் போனவர்

என் வீட்டுக்காரர் கடலை விட்டதற்குக் காரணம் நெஞ்சு. ஸ்டென்ட் வைத்தார்கள். இனி வலை இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். கரையில் உட்கார்ந்து அடுத்தவன் படகு போவதைப் பார்த்தால் இவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். செம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் கோவளத்தில் மீன் எடுத்துத் தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிறேன்.

டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் ஏரிக்கரையில் நடந்தார். கொஞ்ச நாளில் மெதுவாக ஓடினார். டாக்டரிடம் கேட்டோம். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் ஓடலாம் என்றார். உட்கார்ந்திருந்தாலே பேசாத ஆள் இவர். ஆனாலும் ஓடினார்.

ஏரிக்கரையில் காலையில் ஓடும் கூட்டம் ஒன்று உண்டு. அபார்ட்மென்ட் ஆட்கள். நல்ல மனுஷர்கள். இவரை அண்ணா என்று சேர்த்துக்கொண்டார்கள். பொங்கல் கழிந்து ஜவ்வாது மலைக்கு ஓடப் போனார்கள். இவரும் வருகிறேன் என்றார். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். பெருங்களத்தூரில் வேன் ஏறினோம்.

மலை என்றால் எனக்குத் திரிசூலம்தான். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்ட மலை. இங்கே வேன் வளைந்து வளைந்து ஏறியது. இதுதான் உச்சி என்று நினைத்தால் அதன் தலைக்கு மேல் இன்னொன்று நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் போட்ட வேர்க்கடலையை மெல்லவும் மறந்துவிட்டேன்.

மேலே ஒரு சின்ன ஊர். சாமை அறுத்த கொல்லைகள், பலா மரங்கள். ஒரு வீட்டில் தங்கினோம். சாயங்காலம், கூட்டத்தைக் கூட்டி வந்த சார் ஓடுகிற பாதைகளைச் சொன்னார். ஒன்று ஊரைச் சுற்றி. ஒன்று ஓடை வரை போய்த் திரும்புவது. ஒன்று ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையையே சுற்றி வருவது. வழி நெடுக மரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"நீ சின்னதுல ஓடு" என்றேன்.

"ஊர சுத்தறதுக்கு நான் இன்னா பால்காரனா?"

"நெஞ்சு கீதுய்யா, ஞாபகம் வெச்சுக்க."

"நெஞ்ச வூட்லயா வுட்டுட்டு வந்தேன்? கூடத்தான் வருது."

சார் சிரித்தார். "அக்கா, ஏத்தத்துல அண்ணா நடக்கட்டும். ஒரு பொண்ணு கடைசி ஆளா வரும். அவருக்குப் பின்னாடியே இருக்கும். கவலப்படாதீங்க."

காலையில் நல்ல வெயில். எல்லோரும் ஓடினார்கள். இவர் கடைசியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். மலை அவரைச் சீக்கிரம் விழுங்கிவிட்டது. நான் டீ போடப் போனேன்.

பிறகு மேகம் வந்தது. பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. பலா மரத்தை மூடியது. எதிர்வீட்டை மூடியது. அத்தனை பெரிய மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. என் கையில் இருந்த டம்ளர் மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஓடினவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. கடைசியாக அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணா வந்துட்டாரா?" என்றாள்.

"உன் முன்னாடிதானம்மா வரணும்."

அவள் முகம் மாறியது. "வழியில எங்கயும் பார்க்கலக்கா. மேகத்துல எனக்குத் தெரியாம முன்னாடி போய்ட்டார்னு நெனச்சேன்."

போன் அடித்தார்கள். டவர் இல்லை. நாலு பேர் விசில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"அக்கா, நீங்க இங்கயே இருங்க" என்றார் சார்.

"இருந்து இருந்து பழகினவதான் சார் நானு. இன்னிக்கு இருக்க மாட்டேன்."

கரையில் நின்று காத்திருப்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. கடலுக்குள் போய்த் தேட முடியாது. மலையில் நடக்கலாம். அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் கழியோடு வந்தார். "பயப்படாதம்மா. மஞ்சு எறங்கினா எறக்கம் பாத்து நடந்தா போதும். எந்தப் பக்கம் எறங்கினாலும் ஒரு ஊரு வரும். இந்நேரம் ஏதாச்சும் ஊர்ல கஞ்சி குடிச்சுக்கினு இருப்பாரு உன் ஆளு."

சரி, கீழே இருக்கிற ஊர்களில் போய்க் கேட்கலாம் என்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு எறங்க மாட்டாரு" என்றேன். "நின்னுடுவாரு."

கடலில் மூட்டம் போட்டால் இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். நங்கூரம் போட்டு, இருந்த இடத்தில் இருப்பார்கள். படகுப் பலகையை ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு, மறுபடி தட்டுவார்கள். பக்கத்தில் வருகிற படகு மோதாமல் இருக்க. இவர் அறியாத வயதிலிருந்து பழகினது அது. இதைச் சொன்னேன்.

"மலையில நின்னா யாரும்மா வந்து கூட்டினு போவாங்க?" என்றார் பெரியவர்.

"அது அவருக்குத் தெரியாதே."

சார் தலையாட்டினார். மற்றவர்களைக் கீழே இருக்கிற ஊர்களுக்கு அனுப்பினார். அவரும் பெரியவரும் நானும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஒரு ரிப்பனிலிருந்து அடுத்த ரிப்பன் தெரியவில்லை. சார் விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"விசில நிறுத்துங்க சார். கேக்கலாம்."

நின்றோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறு ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து என் காதில் கடல் இருந்தது. அப்புறம் ரோடு இருந்தது. ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் நான் நின்றதே இல்லை. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி செருப்பைக் கழற்றத் தோன்றியது.

டொக் டொக்.

"மரங்கொத்தி" என்றார் சார்.

நான் ரெண்டு கல்லை எடுத்துப் பாறையில் ரெண்டு தட்டு தட்டினேன். விட்டேன். மறுபடி தட்டினேன்.

டொக் டொக். அங்கிருந்து வந்தது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது பாறை திருப்பிச் சொல்றது. ஆளு இந்தாண்ட."

பாதையை விட்டுப் புதருக்குள் போனோம். பெரியவர் கழியால் தரையைத் தொட்டுத் தொட்டு முன்னால் நடந்தார். நான் தட்டினேன். இவர் பதிலுக்குத் தட்டினார். தட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஒரு பட்ட மரத்தை இடது கையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் கல். விரல் தோல் உரிந்திருந்தது. துண்டைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்.

"இன்னாமே, நீ வந்துகிற?" என்றார்.

நான் அவர் நெஞ்சைப் பார்த்தேன். "வலிக்குதா?"

"இல்ல. குளிருதான். ஒதுங்கறதுக்கு உள்ள வந்தேன். திரும்பினா பாதையக் காணோம். குந்திட்டேன்."

பெரியவருக்குச் சிரிப்பு. "ஏய்யா, அப்படியே எறங்கி வர வேண்டியதுதான? ஊரு வந்திருக்குமே."

"எறங்கினா ஆழமாச்சே" என்றார் இவர்.

பெரியவர் இன்னும் சிரித்தார். அப்போது காற்று அடித்தது. மேகம் கிழிந்தது. இவர் காலை நீட்டியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் தரை இல்லை.

கீழே, ரொம்பக் கீழே, காடு பாசி மாதிரி கிடந்தது. ஒரு பருந்து பறந்தது. அதன் முதுகை நான் பார்த்தேன். பருந்தின் வயிற்றை மட்டும் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்கு அப்பால் மலை, மலைக்குப் பின்னால் மலை, கண் போகிற வரைக்கும். கடைசியில் எது மலை, எது வானம் என்று தெரியவில்லை. என் கை தானாகக் கும்பிட்டது. யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெரியவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "இந்தப் பக்கம் எறங்கக் கூடாதுதான்" என்றார். மெதுவாக இவர் தோளைப் பிடித்து எழுப்பினார்.

பாதைக்கு வந்ததும் சார், "வந்த வழியே போய்டலாம் அண்ணா. அதான் கிட்ட" என்றார்.

"சுத்தி வரேன்னு சொல்லிட்டுதான சார் கெளம்பினேன்."

சார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்டிருப்பார். கடலை விட்டதிலிருந்து இவர் தானாக வேண்டும் என்று கேட்டது இந்த ஒன்றுதான். இவர் முகத்தில் நல்ல நிறம் இருந்தது. மூச்சு ஒழுங்காக இருந்தது.

"ஓடக் கூடாது. நடக்கணும்" என்றேன். "நானும் வருவேன்."

"இந்த ரப்பர் செருப்புலயா?"

"நீ வாய மூடிகினு நட."

மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நால்வரும் நடந்தோம். ஏற்றத்தில் நின்றோம். இறக்கத்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலில் போகிறவன் கரைக்கு வர வேண்டுமானால் படகைத் திருப்பத்தான் வேண்டும். நாங்கள் எங்கேயும் திரும்பவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தோம். ஒரு வளைவு தாண்டியதும், காலையில் முதுகு காட்டி விட்டு வந்த ஊர் நேர் எதிரில் இருந்தது. நாங்கள் தங்கியிருந்த வீட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

"திரும்பவே இல்லியே, எப்டிமே?" என்றார்.

இவர் கையைப் பிடித்து, புகை வந்த பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தேன்.